கோயிலும் மஹாலும் மட்டுமா மதுரை?

(கட்டுரையாளர்: மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு)



நான் பிறந்தது மதுரை. வளர்ந்தது செல்லூர். படிப்பதும் மதுரைதான். பதினெட்டு வருஷமாக இதே ஊரில் இருக்கிறேன். ஆனாலும் போன வருஷம் வரை என் ஊர் எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது! அதைத் தெரிய வைத்தவர்கள் நம் விடுதி நண்பர்கள் நாலு பேர். தூத்துக்குடிக்காரன், ஓசூர்க்காரன், அரியலூர்க்காரன், ராமநாதபுரத்துக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போட்டால் உதைக்க வருவார்கள்.

ஒரு சனிக்கிழமை. "நீதான் லோக்கல் ஆளாச்சே, மதுரையைச் சுத்திக் காட்டுடா" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிளம்பிக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நடை சாத்தியாகிவிட்டது. மறுபடி சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சரியென்று திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போனோம். "தூண் பெருசா இருக்குல்ல?" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மத்தியானம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தோம். எல்லா ஊரிலும் கிடைக்கிற பிரைடு ரைஸ் சாப்பிட்டோம். பில் வந்ததும் ஐந்து பேரும் பாக்கெட்டைத் தடவினோம். வெளியே வந்த ஓசூர்க்காரன் கேட்டான்: "இவ்வளவுதானாடா உங்க மதுரை?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

அன்று நடந்த இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும். என் அப்பா தட்டு ரிக்‌ஷா ஓட்டுகிறார். விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளிலிருந்து துணி பேல்களை ஏற்றி லாரி செட்டில் இறக்குவது அவர் வேலை. கையெழுத்துப் போடத் தெரியும்; வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கல்லூரியில் யாராவது கேட்டால் "அப்பா ஜவுளி லைன்ல இருக்கார்" என்பேன். பொய்யில்லை, உண்மையும் இல்லை. அன்றைக்கு மஹாலிலிருந்து திரும்பும்போது தூரத்தில் அப்பாவின் வண்டி தெரிந்தது. "இந்தப் பக்கம் கூட்டமா இருக்கும்டா" என்று சொல்லி நண்பர்களை வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது கோயில் பூட்டியிருந்த கதையை மட்டும் வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டார்.

"ஏன்டா, நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போயி பூட்டுன கதவையா காட்டுன? வர்ற ஞாயித்துக்கிழமை எங்கூட வா. நா காட்டுறேன் ஊர."

அப்படி நாங்கள் சுற்றிய ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே முறைப்படி எழுதுகிறேன். மதுரை ஒரு உதாரணம்தான். காஞ்சிபுரம், தஞ்சாவூர், கும்பகோணம் என்று எந்தப் பழைய ஊருக்கும் இந்த முறை பொருந்தும்.

1. முதலில் நடக்க வேண்டும்

சர்வே பாடத்தில் முதல் வகுப்பிலேயே என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? செயினைத் தொடுவதற்கு முன்னால் நிலம் முழுவதையும் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் ரெக்கனைசன்ஸ். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. ஊர் பார்ப்பதற்கும் அதுவேதான் முதல் பாடம்.

மதுரை நடப்பதற்காகவே கட்டிய ஊர் எனலாம். நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். வெளியே வந்தால் சித்திரை வீதிகள். அதைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதையும் சுற்றி மாசி வீதிகள். கடைசிச் சுற்று வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு உண்டு. சதுரத்துக்குள் சதுரமாக வைத்த பெட்டி மாதிரி. இது மனதில் பதிந்துவிட்டால் மதுரையில் யாரும் தொலைந்து போக முடியாது. மாதத்தின் பெயர்களே வழி சொல்லும்.

"வெளி வீதி"க்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததுண்டா? நான் யோசித்ததில்லை. அங்கேதான் ஒரு காலத்தில் மதுரைக் கோட்டையின் மதிலும் அகழியும் இருந்தன. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் ஊர் நெரிசலைக் குறைக்க அந்தக் கோட்டையை இடிக்க ஏற்பாடு செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கே அந்த இடம் கிடைக்கும் என்று வழி செய்தார்கள். அப்படிக் கிடைத்த நிலத்தில் புதிய தெருக்கள் வந்தன. கோட்டை போய்விட்டாலும் கீழவாசல், தெற்குவாசல் என்ற பெயர்கள் இன்றும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேற்கு வாசலின் கல் கட்டடத்தில் ஒரு துண்டு பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் பஸ் ஏறுகிறேன். ஏதோ பழைய சுவர் என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தெருக்களில் இரண்டின் பெயரைக் கவனியுங்கள். ஒன்று மாரட் வீதி. மாரட் என்பவர் அந்த வேலையில் இருந்த சர்வேயர். இன்னொன்று பெருமாள் மேஸ்திரி வீதி. பெருமாள் என்பவர் அந்த வேலையை நடத்திய மேஸ்திரி. கலெக்டரின் நினைவாக நிறுத்திய தூண்தான் விளக்குத்தூண். அது இருக்கும் பகுதிக்கே அதுதான் இப்போது பெயர். கலெக்டருக்கு ஒரு தூண், சர்வேயருக்கு ஒரு தெரு, மேஸ்திரிக்கு ஒரு தெரு. சிவில் படிக்கிற நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதை நான் நூலகத்தில் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தத் தெருவில் எத்தனையோ வருஷம் பாரம் இழுத்தவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மேஸ்திரி பேரையா வச்சுருக்காக? நா எவனோ பெரிய பணக்காரன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

2. அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டும்

பெரிய இடத்துக்கு வழி சொல்ல எல்லா இடத்திலும் போர்டு இருக்கும். சின்ன இடத்துக்கு வழி சொல்ல ஆள்தான் உண்டு. அந்த ஆள் யார் என்றால் தினமும் அந்தச் சந்துக்குள் போய் வருகிறவர்: பூக்கட்டுகிறவர், தபால்காரர், சுமை தூக்குகிறவர், டீக்கடைக்காரர்.

நாயக்கர் மஹாலை 1636-இல் கட்டியதாகச் சொல்கிறார்கள். இன்று நாம் பார்ப்பது அதில் ஏறக்குறைய கால் பங்குதான். மற்றது எங்கே? திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டு போனார்கள் என்பது வரலாறு. இது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மிச்சத்தில் ஒரு பகுதி ஒரு ஜவுளிச் சந்துக்குள் நிற்பதை அப்பாதான் காட்டினார். விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் பத்துத்தூண் சந்து என்று ஒன்று உண்டு. உள்ளே போனால் பத்துப் பெரிய உருண்டைத் தூண்கள் மேலே கூரை எதுவும் இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சுற்றிலும் சேலைக் கடைகள். அரண்மனையின் மிச்சம்தான் அந்தத் தூண்கள். அதைப் பார்த்த பிறகு மஹாலுக்குப் போனால்தான் அரண்மனை எவ்வளவு பெரியது என்பது உறைக்கிறது. மஹாலின் பெரிய குவிமாடம் செங்கல்லும் சுண்ணச் சாந்தும்தான். தாங்குவதற்கு இரும்பு உத்தரம் கிடையாது. கான்கிரீட் டெக்னாலஜி படிக்கிறவர்கள் கட்டாயம் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபம். பெயர்தான் புது, கட்டியது திருமலை நாயக்கர், 17-ஆம் நூற்றாண்டில். 124 தூண்கள் கொண்ட கல் மண்டபம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதற்குள் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேஷம் கட்டுபவர்களின் உடையை அங்கேதான் தைப்பார்கள். இப்போது கடைகளைப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்தையும் பார்க்கலாம், அந்தத் தையல்காரர்களையும் தேடிப் போய்ப் பார்க்கலாம்.

புது மண்டபத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் ராய கோபுரம். பாதியில் நின்றுபோன கோபுரம் இது. அடித்தளத்தின் அகலத்தைப் பார்த்தாலே தெரியும், முடித்திருந்தால் கோயிலின் மற்றக் கோபுரங்களை எல்லாம் மிஞ்சியிருக்கும். முடியவில்லை. அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முடித்த கட்டடத்தில் அழகு தெரியும். முடியாத கட்டடத்தில் வேலை தெரியும். எப்படி அஸ்திவாரம் போட்டார்கள், நிலைக் கல்லை எப்படி நிறுத்தினார்கள் என்று பார்க்க ராய கோபுரம்தான் சரியான பாடப் புத்தகம்.

இன்னொரு இடம் மேல மாசி வீதியில். கீழே கதர்க் கடை இருக்கும் ஒரு மாடி வீடு. 1921 செப்டம்பரில் அந்த மாடியில்தான் காந்தியடிகள் தங்கியிருந்தார். மறுநாள் காலை, அதாவது 22-ஆம் தேதி, சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் வரை ஒரு வேட்டியோடு வெளியே வந்தார். உடம்பை மூட ஒரு முழுத் துணி இல்லாத ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு. உயிர் பிரியும் வரை அந்த உடைதான். காந்தி மியூசியத்துக்குப் போகிறவர்கள் ஆயிரம் பேர் என்றால், இந்த வீட்டு மாடிப்படியில் ஏறுகிறவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

வீட்டை விட்டு வெளியே வந்த அப்பா தன் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் வேலை நேரத்தில் சட்டை போடுவதில்லை. நான் அன்று நண்பர்களை வேறு தெருவுக்குத் திருப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வீட்டு வாசலில் நின்றபோது அது என் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

3. நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டும்

"நல்ல சாப்பாடு எங்க கெடைக்கும்னு கேக்காத. எப்பக் கெடைக்கும்னு கேளு." இது அப்பா சொன்ன விதி. உள்ளூர்ச் சாப்பாட்டுக்குக் கடையைவிட நேரம் முக்கியம். ஒரு பண்டம் ரெண்டு மணி நேரம்தான் இருக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

காலையிலும் சாயங்காலமும் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வரும். பஞ்செடுத்த பருத்தி விதையை ராத்திரி ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பால் எடுக்க வேண்டும். அதோடு அரிசி மாவைக் கரைத்துக் கொதிக்க விட்டு வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, மேலே தேங்காய்ப் பூ தூவித் தருவார்கள். பருத்தியும் நூலும் மில்லும் நெசவுமாக இருந்த ஊரில் விதையைக்கூட வீணாக்காமல் கண்டுபிடித்த பானம். பாரம் தூக்குகிறவர்களுக்கு ஒரு டம்ளர் குடித்தால் மத்தியானம் வரை தாங்கும். அப்பாவின் காலை ஆகாரம் பல நாள் இதுதான்.

மத்தியானம் வெயிலுக்கு ஜிகர்தண்டா. இது இப்போது எல்லா ஊருக்கும் போய்விட்டது; ஆனால் என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்க வேண்டும். அடியில் கிடக்கும் வழவழப்பான பொருள் பாதாம் பிசின். கொஞ்சம் பிசினைத் தண்ணீரில் போட்டால் ராத்திரிக்குள் பல மடங்கு ஊறும். அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், கடைசியில் பால் ஐஸ். "ஜிகர்" என்றால் ஈரல், நெஞ்சு. "தண்டா" என்றால் குளிர்ச்சி. பேரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

சாயங்காலம் முள்ளு முருங்கை அடை. முள்ளு முருங்கை இலையையும் பச்சரிசியையும் சேர்த்து அரைத்துப் பூரி மாதிரி தட்டி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். பச்சை நிறத்தில் உப்பி வரும். மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். இது சௌராஷ்டிர மக்களின் கைப்பக்குவம். பட்டு நெசவுக்காக வந்து நாயக்கர் காலத்தில் மஹாலைச் சுற்றிக் குடியேறியவர்கள் அவர்கள். சுங்குடிச் சேலை அவர்கள் கொடுத்ததுதான். மஹாலைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் இந்த அடையைச் சாப்பிடாமல் போனால் பாதி மஹாலைத்தான் பார்த்தீர்கள் என்பேன்.

இருட்டின பிறகு சிம்மக்கல் பக்கம் கறி தோசை. மொத்தமான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மசாலாவில் வெந்த கறி; திருப்பிப் போட்டு அழுத்தி எடுப்பார்கள். ஒருவர் ஒன்று சாப்பிட்டால் போதும். இரண்டாவதைக் கேட்டால் பரிமாறுகிறவரே "முதல்ல இதச் சாப்பிடுங்க தம்பி" என்பார். அதற்கும் பிறகு, நடு ராத்திரியில், இட்லிக் கடைகள். ராத்திரி லோடு இறக்குகிறவர்களுக்கும் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஆவி பறக்கும் இட்லி. தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. தூங்காமல் வேலை பார்க்கிறவர்கள் இருப்பதால்தான் ஊர் தூங்கவில்லை.

கடையைத் தேர்ந்தெடுக்க அப்பா சொன்ன அடையாளங்கள் மூன்று. ஒன்று, வேலை செய்கிறவர்கள் நின்று சாப்பிடுகிறார்களா பார். அன்றாடம் சம்பாதிக்கிறவன் கெட்ட சாப்பாட்டுக்கு இரண்டாவது தடவை காசு கொடுக்க மாட்டான். இரண்டு, பதார்த்தம் குறைவாக இருக்கிறதா பார். நாலே பண்டம் போடுகிற கடையில் நாலும் நன்றாக இருக்கும். மூன்று, சட்டி காலியாகிறதா பார். காலியாகிற சட்டியில் பழையது இருக்காது.

4. ஊருக்கு வெளியே போக வேண்டும்

பழைய ஊரின் வயதை ஊருக்குள் பார்க்க முடியாது. சுற்றியுள்ள மலைகளில்தான் பார்க்க முடியும். நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி என்று ஒரு கிராமம். டவுன் பஸ் போகிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். காலம் 9, 10-ஆம் நூற்றாண்டு. அதே மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்ற குகை.

அப்பாவோடு நான் போன கடைசி இடம் அது. மேலே ஏறியதும் அப்பா பாறையில் உள்ள எழுத்தை விரலால் காட்டினார், தொடாமல்.

"என்ன எழுதியிருக்கு? வாசி."

பார்த்தேன். தமிழ்தான். ஆனால் ஒரு எழுத்துக்கூட எனக்குப் புரியவில்லை. வட்டெழுத்து வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று. "எனக்கும் வாசிக்கத் தெரியாதுப்பா" என்றேன். பதினெட்டு வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா, "சரி விடு, ரெண்டு பேருக்குமே தெரியல" என்று சிரித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று நூலகத்தில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதைச் சொன்னேன். ஒவ்வொரு உருவத்தையும் யார் செய்து வைத்தார்கள் என்பதுதான் எழுதியிருக்கிறது. ராஜா பெயர் அல்ல. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் ஒரு உருவத்தைச் செய்வித்தார் என்று இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தாயின் பெயர்.

இதோடு முடியவில்லை. அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கமுள்ள குகையில் அதைவிடப் பழைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை. துறவிகளுக்குக் கல் படுக்கை அமைக்க உதவியவர்களின் பெயர்கள் அவை. உப்பு வணிகர் ஒருவர், வெல்ல வணிகர் ஒருவர், ஏர்க் கொழு விற்றவர் ஒருவர், துணி வணிகர் ஒருவர். இன்றைக்கும் கீழமாசி வீதிக்குப் போனால் உப்பு, வெல்லம் எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. துணியை அப்பா ஏற்றுகிறார். கீழடிக்குப் போனால், 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில், மண்பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று மனிதர்களின் பெயர் கீறியிருப்பதைப் பார்க்கலாம்.

இதுதான் நான் கண்டுபிடித்தது, நண்பர்களே. எல்லோரும் பார்க்கிற இடங்களில் ராஜாக்களின் பெயர் இருக்கிறது. யாரும் பார்க்காத இடங்களில் மேஸ்திரியின் பெயரும், உப்பு விற்றவரின் பெயரும், ஒரு தாயின் பெயரும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

5. சில எச்சரிக்கைகள்

அ) கோயில் நடை மத்தியானம் சாத்துவார்கள். பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். காலை வேளை கோயில், மத்தியானம் மஹால், சாயங்காலம் சந்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது.

ஆ) மலைக்கு வெயில் ஏறுமுன் போய்த் திரும்ப வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். மேலே கடை கிடையாது.

இ) பலகாரக் கடையில் படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்களுக்கு அது வேலை நேரம்.

ஈ) மிக முக்கியம்: கல்லிலும் தூணிலும் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். மஹால் தூண்களைப் பாருங்கள், எத்தனை காதல் ஜோடிகள்! குணமதியார் பெயர் ஆயிரம் வருஷம் நிற்பது அவர் ஒன்றைச் செய்து வைத்ததால். ஆணியால் கீறியதால் அல்ல.

முடிவாக

அதே நாலு பேரையும் மறுபடி கூப்பிட்டேன். ஓசூர்க்காரன் "திரும்பவும் பூட்டுன கதவா?" என்றான். விளக்குத்தூணில் வந்து நிற்கச் சொன்னேன். அப்பா பேல் ஏற்றிக்கொண்டிருந்தார். தோளில் துண்டு மட்டும். "இவர்தான் எங்க அப்பா. தட்டு ரிக்‌ஷா ஓட்டுறார். இன்னைக்கு இவர்தான் நமக்கு கைடு" என்றேன். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பிகளா, சாப்ட்டீகளா?" என்று கேட்டார். நாலு பேரும் "இல்லப்பா" என்றார்கள். "அப்ப மொதல்ல பருத்திப்பால்" என்றார்.

அன்றைக்குச் சந்து சந்தாக நடந்தோம். ஐந்து பேர் சாப்பாட்டுச் செலவு முந்தின தடவையில் பாதிகூட வரவில்லை. சாயங்காலம் ராய கோபுரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அரியலூர்க்காரன் மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பா சிமெண்டு மூட்டை தூக்குறார்டா. கங்கைகொண்ட சோழபுரம் எங்க ஊருக்குப் பக்கம்தான். எங்கப்பாவக் கேட்டா இந்த மாதிரி எதுனா சொல்லுவாரா இருக்கும்."

கேட்டுப் பார்க்கச் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். நம் கல்லூரியில் எத்தனை ஊர்க்காரர்கள் இருக்கிறோம்! ஆளுக்கு ஒரு ஊர். அடுத்த ஆண்டு மலரில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவோம். எழுதுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து கேட்போம். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சொல்லட்டும். நாம் படித்ததை நாம் சொல்வோம்.

மதுரைக்கு யார் வந்தாலும் சரி, விளக்குத்தூணில் நில்லுங்கள். காலை ஏழு மணிக்கு மேல் அப்பா அங்கேதான் இருப்பார்.